சீரியல் போர்ட் உள்ள லேப்டாப் தேடி அலைய வேண்டாம்: எம்பெடட் படிக்கும் பிள்ளைகளுக்கு எதை வாங்கித் தருவது?



கல்லூரி திறக்கும் மாதங்களில் நமது அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களில், கல்விக் கட்டணத்துக்கு அடுத்தபடியாக அதிகம் இருப்பது லேப்டாப்புக்கான உதவிதான். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகளே உள்ளன. அவை போக பாலிடெக்னிக்குகளும் ஐ.டி.ஐ.களும் உண்டு. எலக்ட்ரானிக்ஸ், எலக்ட்ரிகல், மெக்கட்ரானிக்ஸ் படிக்கும் நம் பிள்ளைகளில் பலர் இப்போது 'எம்பெடட்' துறைக்குப் போக விரும்புகிறார்கள். நல்ல விருப்பம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், புதுச்சேரித் தொழிற்சாலைகளில் இந்த வேலை தெரிந்தவர்களுக்குத் தேவை இருக்கிறது.

ஆனால் அந்த விண்ணப்பங்களில் ஒரு வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது: "சீரியல் போர்ட் உள்ள லேப்டாப் தேவை." இந்த ஒரு வாசகத்தால் இரண்டு குடும்பங்கள் பட்ட பாட்டைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறோம்.

திண்டிவனம் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு தந்தை வந்தார். மினி டெம்போ ஓட்டுகிறார். மகன் மூன்றாம் ஆண்டு இ.சி.இ. மாணவர். கையில் ஒரு கடையின் விலைப்பட்டியல், மொத்தம் ரூ.72,000. "சீரியல் போர்ட் வேலைக்கு உகந்த மாடல்" என்று அதில் எழுதியிருந்தது. ரூ.50,000 நம்மிடம் வட்டியில்லாக் கடனாகக் கேட்டார். மீதி ரூ.22,000-க்குத் தம் மனைவியின் வளையலை அடகு வைக்கப் போவதாகச் சொன்னார். அந்த மாடலின் விவரத்தைப் பார்த்தோம். அது விளையாட்டுக்கென்று வரும் லேப்டாப். அதில் சீரியல் போர்ட்டே இல்லை!

விழுப்புரத்தைச் சேர்ந்த இன்னொரு மாணவர் நம்மிடம் கேட்காமலேயே ஒரு பழைய லேப்டாப்பை ரூ.9,000 கொடுத்து வாங்கிவிட்டார். அதில் உண்மையாகவே ஒன்பது ஊசி உள்ள போர்ட் இருந்தது. ஆனால் அது 2007-ஆம் ஆண்டு வாக்கில் வந்த இயந்திரம். பாடத்துக்குத் தேவையான மென்பொருள் எதுவும் அதில் ஏறவில்லை. கடைசியில் பிராஜெக்டை நண்பரின் லேப்டாப்பில் செய்து முடித்தார். அந்த ஒன்பதாயிரம் போனது போனதுதான்.

இரண்டு பேருமே தவறான பொருளைத் தேடியிருக்கிறார்கள். நமது ஜமாஅத்தைச் சேர்ந்த, இந்தத் துறையில் பல ஆண்டுகள் வேலை செய்யும் சகோதரர்கள் இருவருடன் உட்கார்ந்து பேசி, தெரிந்துகொண்டதை இங்கே தருகிறோம். முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறோம்: லேப்டாப்பில் சீரியல் போர்ட் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குள் கிடைக்கும் சரியான கன்வெர்ட்டர் ஒன்று போதும். லேப்டாப்புக்கான பணத்தை வேறு விஷயங்களில் போட வேண்டும்.

எம்பெடட் என்றால் என்ன? சீரியல் போர்ட் எங்கே வருகிறது?

கம்ப்யூட்டர் என்றால் திரையும் கீபோர்டும் உள்ள பெட்டி மட்டுமல்ல. வீட்டு வாசலில் உள்ள மின்மீட்டர், மளிகைக் கடையின் எலக்ட்ரானிக் தராசு, வாஷிங் மெஷின் ஆகியவற்றுக்குள்ளும் ஒரு சின்னச் சிப் இருந்துகொண்டு ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. அந்தச் சிப்புக்கு வேலையைச் சொல்லிக் கொடுப்பதுதான் எம்பெடட் துறை.

அந்தச் சிப்புக்குத் திரை கிடையாது. அது சரியாக வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? ஒரு கம்பி வழியாக ஒவ்வோர் எழுத்தாக அது வெளியே பேசும். நாமும் ஒரு கம்பி வழியாக அதனிடம் பேசலாம். போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி, பொதுவாக ஒரு கிரவுண்ட் கம்பி, ஆக மூன்று கம்பிகள். பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போவதால் இதற்கு 'சீரியல்' என்று பெயர்.

இதற்கான ஆர்.எஸ். 232 என்ற தரநிலை அமெரிக்காவில் 1960-இல் வந்தது. முதலில் 25 ஊசி கனெக்டர் பயன்பட்டது. 1984-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஏ.டி. கம்ப்யூட்டர் வந்தபோது 9 ஊசி கனெக்டர் பரவியது. பழைய கம்ப்யூட்டர்களின் பின்பக்கம் மவுஸ், மோடம் சொருகிய இடம் அதுதான். 1996-இல் யு.எஸ்.பி. வந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் சாதாரண லேப்டாப்புகளிலிருந்து சீரியல் போர்ட் மறைந்தேவிட்டது. இன்று கடையில் கிடைக்கும் எந்தச் சாதாரண லேப்டாப்பிலும் அது இருக்காது. இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், காட்டச் சொல்லுங்கள்.

லேப்டாப்பில் போய்விட்டது, தொழிற்சாலையில் போகவில்லை

அப்படியானால் பேராசிரியர்களும் சீனியர்களும் ஏன் இன்னும் சீரியல் போர்ட் என்கிறார்கள்? காரணம் இருக்கிறது. லேப்டாப்பை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறோம். தொழிற்சாலை இயந்திரத்தை இருபது ஆண்டுக்கும் மாற்றுவதில்லை.

கரும்பு டிராக்டரும் நெல் லாரியும் ஏறி நிற்கும் எடைமேடையை எடுத்துக்கொள்ளுங்கள். எடை காட்டும் பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு எண்ணைக் கொண்டுபோவது பெரும்பாலும் ஆர்.எஸ். 232 கம்பிதான். லேத் பட்டறைகளில் உள்ள பழைய சி.என்.சி. இயந்திரங்களுக்கு புரோகிராம் ஏற்றுவதும் அதே வழியில்தான். நெட்வொர்க் சுவிட்சுகளில் உள்ள கன்சோல் போர்ட்டும் அதுவே. சோலார் இன்வெர்ட்டர், தொழிற்சாலை மின்மீட்டர், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் ஆகியவை ஆர்.எஸ். 485 என்ற அதன் தம்பியைப் பயன்படுத்துகின்றன. அவை பேசும் 'மோட்பஸ்' மொழி 1979-இல் வந்தது. இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

ஆகவே சீரியல் கற்றுக்கொள்வது வீண் வேலை அல்ல. எம்பெடட் வேலைக்குப் போகும் பிள்ளை முதல் வாரத்திலேயே இதைத் தொட வேண்டியிருக்கும். கற்க வேண்டியது சீரியல். அந்தப் போர்ட் லேப்டாப்பின் உடம்பிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. இந்த வித்தியாசம் தெரியாததால்தான் பணம் வீணாகிறது.

கன்வெர்ட்டர் என்ன செய்கிறது?

யு.எஸ்.பி. சீரியல் கன்வெர்ட்டர் என்பது ஒரு பக்கம் யு.எஸ்.பி. முனையும் மறுபக்கம் சீரியல் முனையும் கொண்ட கேபிள். நடுவில் ஒரு சிப் மொழிபெயர்ப்பாளர் போல உட்கார்ந்திருக்கும். இதைச் சொருகியதும் விண்டோஸ் அதற்கு 'காம் 3', 'காம் 5' என்று ஒரு எண் கொடுக்கும். மென்பொருளைப் பொறுத்தவரை அது உண்மையான சீரியல் போர்ட்தான்.

வேகம் போதுமா என்று சிலர் கேட்கிறார்கள். சீரியலில் சாதாரணமாக வைக்கும் வேகம் 9600. ஓர் எழுத்துக்கு முன்னும் பின்னும் உள்ள அடையாள பிட்டுகளைச் சேர்த்து 10 பிட் ஆகும். எனவே நொடிக்கு 960 எழுத்து. அதிகம் புழங்கும் 115200 வேகத்தில் நொடிக்கு 11,520 எழுத்து. யு.எஸ்.பி.க்கு இது கொசுறு.

இன்னொரு செய்தி பல பெற்றோர்களுக்கு நிம்மதி தரும். கல்லூரிப் பிராஜெக்டுகளில் பயன்படும் ஆர்டுயினோ ஊனோ, ஈ.எஸ்.பி. 32 போன்ற போர்டுகள் பெரும்பாலானவற்றில் இந்தக் கன்வெர்ட்டர் ஏற்கெனவே போர்டிலேயே இருக்கிறது. அவற்றுக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். ஒரு யு.எஸ்.பி. கேபிள் போதும். ஆனால் அது டேட்டா போகும் கேபிளாக இருக்க வேண்டும். போன் சார்ஜருடன் வரும் மலிவான கேபிள்கள் சிலவற்றில் மின்சாரக் கம்பி மட்டுமே இருக்கும். போர்டில் விளக்கு எரியும், லேப்டாப் அதைக் கண்டுகொள்ளாது. "லேப்டாப் சரியில்லை" என்று நம்மிடம் வந்த ஒரு புகார், கேபிளை மாற்றியதும் தீர்ந்தது.

மூன்று வகை உண்டு, மாற்றிச் சொருகினால் போர்டு எரியும்

கன்வெர்ட்டர் வாங்கும்போது மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இது.

முதல் வகை ஆர்.எஸ். 232. ஒன்பது ஊசி கனெக்டருடன் வரும். இதன் மின்னழுத்தம் பூஜ்யத்துக்கு மேலும் கீழும் 5 முதல் 15 வோல்ட் வரை போகும். எடைமேடை, சி.என்.சி., பழைய பி.எல்.சி. ஆகியவற்றுக்கு இது.

இரண்டாவது வகை டி.டி.எல். தனித்தனிக் கம்பிகளாகவோ ஊசிகளாகவோ வரும் சின்னப் போர்டு இது. 3.3 வோல்ட் அல்லது 5 வோல்ட். சிப்புடன் நேரடியாகப் பேச இதுதான் வேண்டும்.

மூன்றாவது வகை ஆர்.எஸ். 485. ஏ, பி என்று இரண்டு திருகு முனைகள் இருக்கும். ஆர்.எஸ். 232 கேபிள் 15 மீட்டர் வாக்கில் நின்றுவிடும். இதுவோ வேகத்தைக் குறைத்து வைத்தால் 1,200 மீட்டர் வரை போகும். ஒரே கம்பியில் 32 கருவிகளை இணைக்கலாம். மீட்டர், இன்வெர்ட்டர், டிரைவ் வேலைகளுக்கு இது.

முதல் வகைக் கேபிளின் கம்பியை ஈ.எஸ்.பி. 32 போன்ற 3.3 வோல்ட் சிப்பில் நேரடியாகக் கொடுத்தால் சிப் கெட்டுப்போகும். இரண்டையும் இணைத்தே ஆக வேண்டுமென்றால் நடுவில் மேக்ஸ் 3232 போன்ற லெவல் மாற்றும் சிப் வைக்க வேண்டும். டி.டி.எல். போர்டுகளிலும் 3.3 / 5 வோல்ட் மாற்றும் ஜம்பர் இருந்தால், சொருகுவதற்கு முன் அதைப் பாருங்கள். கிரவுண்ட் கம்பியை மறக்காமல் இணையுங்கள். ஒரு பக்கத்து அனுப்பும் ஊசி மறுபக்கத்து வாங்கும் ஊசிக்குப் போக வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தொழிற்சாலையில் மோட்டார், டிரைவ் பக்கத்தில் வேலை செய்பவர்கள் 'ஐசோலேட்டட்' என்று போட்ட கன்வெர்ட்டரை வாங்குவது நல்லது. விலை கூடுதல்தான். ஆனால் அந்தப் பக்கத்து மின்கோளாறு லேப்டாப்புக்குள் வராமல் அது தடுக்கும்.

சிப்பின் பெயரைக் கேட்டு வாங்குங்கள்

வெளியே ஒரே மாதிரி தெரியும் கேபிள்களுக்குள் வெவ்வேறு சிப்கள் இருக்கும். நான்கு பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் எஃப்.டி. 232: தொழிற்சாலை வேலைக்கு நம்பிக்கையானது. விலை அதிகம். போலிகளும் அதிகம். 2014-இல் அந்த நிறுவனம் விண்டோஸ் அப்டேட் வழியாக வெளியிட்ட டிரைவர், போலிச் சிப்களின் அடையாள எண்ணையே அழித்து அவற்றை முடக்கிப்போட்டது. உலகம் முழுவதும் பெரிய சர்ச்சையாகி, பிறகு அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. "அசல் எஃப்.டி.டி.ஐ." என்று மிகக் குறைந்த விலையில் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

சிலிக்கான் லேப்ஸின் சி.பி. 2102: பல ஈ.எஸ்.பி. 32 போர்டுகளில் இருப்பது. நன்றாக வேலை செய்யும்.

சீனாவின் சி.ஹெச். 340: மலிவானது. மாணவர் பிராஜெக்டுக்குத் தாராளமாகப் போதும். ஆர்டுயினோ நகல் போர்டுகளில் இதுதான் அதிகம்.

தைவானின் புரோலிஃபிக் பி.எல். 2303: சிப் நல்லதுதான். ஆனால் இதன் பழைய வகைகளை நிறுவனம் 2012-லேயே நிறுத்திவிட்டது. கடைகளில் இன்னும் கிடக்கும் பழைய சரக்கையும் போலிகளையும் விண்டோஸ் 11-இல் சொருகினால், இந்தச் சிப் நிறுத்தப்பட்டது என்று டிவைஸ் மேனேஜரே சொல்லிவிடும், வேலை செய்யாது. புதிய வகை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள்.

டிரைவர் மென்பொருளைச் சிப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். கண்ட இடத்திலிருந்து இறக்கினால் வைரஸும் சேர்ந்து வரும். சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் வாங்குபவர்கள், "கம்ப்யூட்டரில் சொருகிக் காட்டுங்கள்" என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். திரும்ப எழும்பூர் வந்து ரயில் ஏறிய பிறகு கேட்டுப் பயனில்லை.

சரி, லேப்டாப்பில் எதைப் பார்ப்பது?

1. பிராசஸர்: இன்டெல் அல்லது ஏ.எம்.டி. ஆக இருக்கட்டும். பழையது வாங்கினால் இன்டெல் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே போக வேண்டாம். விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்க ஏறத்தாழ 8-ஆம் தலைமுறையாவது வேண்டும். ஸ்னாப்டிராகன் சிப் உள்ள புதிய லேப்டாப்புகள் பேட்டரியில் நன்றாக நிற்கும். ஆனால் அவற்றுக்கென்று தனியாக எழுதப்பட்ட டிரைவர் இல்லாத பழைய கருவிகள் அவற்றில் ஓடாது. ஆப்பிள் மேக்கிலும் இதே போன்ற சிக்கல்: கெய்ல் யூவிஷன், சீமென்ஸ் டி.ஐ.ஏ. போர்ட்டல் போன்றவை விண்டோஸுக்கு மட்டுமே வருகின்றன. குரோம்புக் இந்த வேலைக்கு ஆகாது.

2. ரேம்: 8 ஜி.பி. குறைந்தபட்சம். 16 ஜி.பி. இருந்தால் நிம்மதி. பிறகு கூட்டிக்கொள்ள இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பல மெல்லிய லேப்டாப்புகளில் ரேமைப் பலகையோடு ஒட்டிவிடுகிறார்கள்.

3. சேமிப்பு: எஸ்.எஸ்.டி. 256 ஜி.பி. குறைந்தபட்சம், 512 நல்லது. விவாடோ போன்ற எஃப்.பி.ஜி.ஏ. மென்பொருள் தனியாகவே பல பத்து ஜி.பி. இடம் கேட்கும். 64 ஜி.பி. ஈ.எம்.எம்.சி. என்று போட்டு மலிவாக வரும் லேப்டாப்பை வாங்கவே வேண்டாம்.

4. யு.எஸ்.பி. போர்ட்: பழைய அகலமான வகைப் போர்ட் குறைந்தது இரண்டு இருக்கட்டும். புரோகிராம் ஏற்றும் கருவிக்கு ஒன்று, சீரியலுக்கு ஒன்று. போர்ட்டுகள் ஆடாமல் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பழைய லேப்டாப்பில் சொருகிப் பாருங்கள்.

5. விண்டோஸ் வகை: 'எஸ் மோட்' என்று இருந்தால், மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்கு வெளியே உள்ள மென்பொருள் எதுவும் ஏறாது. அதைச் செலவில்லாமல் நீக்கிக்கொள்ளலாம். வாங்கியதும் நீக்குங்கள்.

6. கிராஃபிக்ஸ் கார்டு: எம்பெடட் வேலைக்குத் தனிக் கார்டு தேவையில்லை. ரூ.72,000 பட்டியலில் பெரும்பகுதி இதற்குத்தான் போயிருந்தது.

அலுவலகங்களில் மூன்று நான்கு ஆண்டு ஓடிய லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிட்யூட், ஹெச்.பி. எலைட்புக் வகை லேப்டாப்புகளைச் சரிபார்த்து விற்கிறார்கள். இவை உறுதியானவை. உதிரி பாகமும் கிடைக்கும். ஆனால் பில், எழுத்தில் உத்தரவாதம் இரண்டும் இல்லாமல் வாங்காதீர்கள். பேட்டரியைச் சோதித்துப் பாருங்கள். பயாஸில் பழைய நிறுவனத்தின் பாஸ்வேர்டு இருந்தால் விட்டுவிடுங்கள்.

2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனோ அக்காவோ வாங்கியது வீட்டில் கிடந்தால், அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போட்டால், ஆர்டுயினோ கற்கவும் சீரியலில் வருவதைப் படிக்கவும் அது பெரும்பாலும் போதும். இந்த நான்கு சிப்களுக்கான டிரைவரும் லினக்ஸிலேயே இருக்கிறது. பயனர் பெயரை 'டயல்அவுட்' என்ற குழுவில் சேர்த்தால்தான் பல லினக்ஸ்களில் போர்ட் திறக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு இதிலேயே ஓர் ஆண்டு ஓட்டலாம்.

உண்மையான போர்ட் யாருக்குத் தேவை?

சிலருக்குத் தேவைதான். டாஸ் காலத்து மென்பொருள்கள் சில, கம்ப்யூட்டரின் சீரியல் வன்பொருளை நேரடியாகத் தொட்டுப் பேசும். அவற்றுக்குக் கன்வெர்ட்டர் கண்ணுக்கே தெரியாது. நேரக் கணக்கு மிகத் துல்லியமாக வேண்டிய சில பழைய கருவிகளும் தகராறு செய்யும். இத்தகைய இயந்திரங்களைப் பராமரிப்பது தொழிலாக உள்ளவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, மதர்போர்டில் 'காம்' இணைப்பு உள்ள டெஸ்க்டாப். பல போர்டுகளில் இன்றும் இது இருக்கிறது, ஒரு சின்னக் கேபிள் வாங்கிப் போட்டால் போதும். இரண்டு, டெல் லாட்டிட்யூட் டி630 போன்ற பழைய லேப்டாப்பை அந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வது. மூன்று, பானாசோனிக் டஃப்புக், கெட்டாக் போன்ற உறுதி வகை லேப்டாப்புகளில் சீரியல் போர்ட்டுடன் வருபவை. இவற்றின் விலை மாணவர்களுக்கு எட்டாது. நிறுவனம் வாங்கித் தர வேண்டியது.

மாணவர்களுக்கு இந்தத் தேவை வருவது அரிது. வந்தால் கல்லூரி லேபிலேயே அதற்குக் கம்ப்யூட்டர் இருக்கும்.

சில இடங்களில் கன்வெர்ட்டர் தவறாகப் பழிக்கப்படுகிறது. பழைய மென்பொருள் 'காம் 1' முதல் 'காம் 4' வரை மட்டும் தேடும். விண்டோஸ் 'காம் 11' என்று கொடுத்திருக்கும். டிவைஸ் மேனேஜரில் போர்ட்டின் அட்வான்ஸ்டு பகுதியில் எண்ணை மாற்றினால் சரியாகும். எஃப்.டி.டி.ஐ. சிப்பில் பதில் தாமதமாக வந்தால், அதே இடத்தில் 'லேட்டன்சி டைமர்' 16 மில்லிசெகண்டாக இருக்கும். அதை 1 ஆக்கிப் பாருங்கள்.

வாங்கியதும் ஐந்து நிமிடச் சோதனை

கன்வெர்ட்டர் நல்லதா என்று அறிய வேறு கருவி எதுவும் வேண்டாம். ஆர்.எஸ். 232 கேபிளில் 2-ஆம் ஊசியையும் 3-ஆம் ஊசியையும் சின்னக் கம்பித் துண்டால் இணையுங்கள். டி.டி.எல். வகையில் அனுப்பும் ஊசியையும் வாங்கும் ஊசியையும் இணையுங்கள். 'புட்டி' அல்லது 'டெரா டெர்ம்' என்ற இலவச மென்பொருளைத் திறந்து, காம் எண்ணைத் தேர்ந்து, வேகம் 9600 வைத்து ஏதாவது தட்டுங்கள். தட்டிய எழுத்து திரையில் வந்தால், அது போய்த் திரும்பியிருக்கிறது. கம்பியை எடுத்ததும் எழுத்து நிற்க வேண்டும். நின்றால் கன்வெர்ட்டர் நல்லது. ஆர்.எஸ். 485-க்கு இந்தச் சோதனை பொருந்தாது. அதற்கு இரண்டு கன்வெர்ட்டர்களை ஏ-க்கு ஏ, பி-க்கு பி என்று இணைத்து, ஒன்றில் தட்டி மற்றொன்றில் பார்க்க வேண்டும்.

திரையில் குப்பை எழுத்து வந்தால் பெரும்பாலும் இரு பக்கத்து வேகமும் பொருந்தவில்லை என்று அர்த்தம். ஒன்றுமே வராவிட்டால் அனுப்பும் கம்பியையும் வாங்கும் கம்பியையும் மாற்றிப் பாருங்கள். லேப்டாப்பைக் குறை சொல்வதற்கு முன் இந்த இரண்டையும் செய்யுங்கள்.

அந்தத் தம்பிக்கு என்ன வாங்கினோம்?

திண்டிவனம் மாணவருக்கு இறுதியில் வாங்கிய கணக்கு இது. 8-ஆம் தலைமுறை ஐ5, 16 ஜி.பி. ரேம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. உள்ள, ஓராண்டு உத்தரவாதத்துடன் வந்த பழைய லேப்டாப் ரூ.24,000. ஆர்.எஸ். 232 கன்வெர்ட்டர் ரூ.1,200. டி.டி.எல். போர்டு ரூ.300. ஆர்.எஸ். 485 போர்டு ரூ.250. மொத்தம் ரூ.25,750. முழுவதையும் வட்டியில்லாக் கடனாகவே கொடுத்தோம். அவர் கேட்ட ஐம்பதாயிரத்தில் மீதமான ரூ.24,250 அடுத்த விண்ணப்பத்துக்கு, பாலிடெக்னிக் படிக்கும் ஒரு மாணவிக்குப் போனது. தாயின் வளையல் அடகுக் கடைக்குப் போகவில்லை.

நமது நிதியில் உள்ள ஒவ்வொரு ரூபாயும் யாரோ ஒருவர் நம்பிக் கொடுத்த அமானிதம். அதனால்தான் லேப்டாப்புக்கான விண்ணப்பங்களில் இனி நாம் மூன்று கேள்விகள் கேட்கிறோம். எந்த மென்பொருளை ஓட்டப் போகிறீர்கள்? எந்தப் போர்டு அல்லது இயந்திரத்துடன் இணைக்கப் போகிறீர்கள்? வீட்டில் ஏற்கெனவே என்ன லேப்டாப் இருக்கிறது? விண்ணப்பத்தை மறுப்பதற்காக இவற்றைக் கேட்கவில்லை. தேவையான பொருளைச் சரியாக வாங்குவதற்காகவே கேட்கிறோம். பதில் தெரியாவிட்டால் பேராசிரியரிடம் கேட்டு எழுதி வாருங்கள். அப்படிக் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

மூன்று வகைக் கன்வெர்ட்டரும் இரண்டு நல்ல டேட்டா கேபிளும் அடங்கிய பெட்டி ஒன்றை நமது அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். பிராஜெக்ட் நேரத்தில் இரண்டு வாரம் எடுத்துப் போய்த் திருப்பித் தரலாம். எந்தச் சமூகத்து மாணவரும் கேட்கலாம், கல்லூரி அடையாள அட்டை போதும். வீட்டில் சும்மா கிடக்கும் நல்ல நிலையிலுள்ள லேப்டாப், கன்வெர்ட்டர், போர்டுகளைத் தர விரும்புவோரும் அலுவலகத்தில் ஒப்படைக்கலாம். சோதித்துப் பார்த்து, தேவைப்படும் பிள்ளையிடம் சேர்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

பெற்றோர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். விலைப்பட்டியலைக் கையில் வாங்கியதும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஒரு நாள் பொறுத்து, அதை நம்மிடம் காட்டிவிட்டுப் போய் வாங்குங்கள்.